தற்போதைய பயன்பாடு

கோத்தகிரி கடைவீதியில் பத்துக்குப் பத்து கடை.
ஷட்டரைத் தூக்கினால் இரண்டு பேர் நிற்கலாம்.
மூன்றாமவர் படியில் நின்றுதான் பேரம் பேசவேண்டும்.
இந்த ஊரிலேயே சதுர அடி விலை இதற்குத்தான் அதிகம்.
பஸ் நிற்கும் இடத்திலிருந்து எத்தனை எட்டு,
கணக்கு அவ்வளவுதான்.
பதினேழு.
இரண்டு முறை நடந்து எண்ணினேன்.

அதே கட்டடத்தின் மாடி பாதி விலைக்கும் போகாது.
ஒரு ஆடிட்டர், ஒரு இன்சூரன்ஸ் ஏஜெண்ட்,
பெயர்ப்பலகையாக மட்டும் ஒரு வக்கீல்.
மழையில் குடையோடு யார் படியேறுவார்கள்?
ஆனால் ஆபீஸ்காரர் சீக்கிரம் காலி செய்யமாட்டார்,
விசிட்டிங் கார்டு ஆயிரம் அடித்துவைத்திருப்பார்.
வங்கிக்கு அது பிடிக்கும்.

என் வேலை,
வியாழன்தோறும் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறிவந்து
டேப்பை நீட்டி, சுவரைத் தட்டி,
நீ மாதம் எவ்வளவு சம்பாதிக்கிறாய்
என்று கட்டடத்தைக் கேட்பது.
வீட்டை அப்படிக் கேட்பதில்லை.
அங்கே உள்ளே இருப்பவர்கள் சம்பாதிக்கிறார்கள்.
இங்கே சுவரே உழைக்கவேண்டும்.

அரவேனு பக்கம் ஒரு லாட்ஜ்.
மே மாதக் கணக்கை விரித்துக் காட்டினார் மேனேஜர் செபஸ்தியான்.
ஜூலையைக் கேட்டேன்.
டீக்குச் சொல்லி அனுப்பினார்.
டீ வந்தது.
விற்காத அறை
ராத்திரி பன்னிரண்டுக்கு அழுகிவிடும் முட்டைக்கோஸ்,
மறுநாள் ஏலத்துக்குக்கூட ஆகாது.

கட்டபெட்டு தாண்டி பெள்ளியின் தேயிலை ஃபேக்டரி.
ரோலர்கள் எடைக்குப் போய்விட்டன.
அவை நின்ற இடத்தில்
சிமெண்டிலிருந்து போல்ட்டுகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன.
கூரை உயரம் எழுதினேன். கரண்ட் லோடு எழுதினேன்.
லாரி திரும்ப இடம் இருக்கிறதா
என்று பார்ப்பதற்குள் பனி இறங்கி
இடத்தையே எடுத்துக்கொண்டது.

"கீழே கொரியர்காரன் கிடங்கு கேட்கிறான்,
மேலே ரிசார்ட் போடலாம்" என்றார்.
மலைப்பகுதி அனுமதி?
"மச்சினன் பார்த்துக்கொள்வான்."
பின்னால் ஒன்றரை ஏக்கர் சரிவு.
நவம்பரில் கொஞ்சம் இறங்கியதாம்.
அந்தக் கொஞ்சத்தில்
ஒரு சில்வர் ஓக் மரம்
படுத்தபடியே தளிர்விட்டிருந்தது.

மேல்தளத்தில்
இலை வாட்டிய வலையின்மேல்
ஸ்வெட்டர்கள் வாடிக்கொண்டிருந்தன,
எட்டோ ஒன்பதோ, இரண்டு மிகச் சின்னவை.
ஜார்க்கண்டிலிருந்து கொழுந்து பறிக்க வந்தவர்கள்.
சுக்மதி என்ற பெண்
என் டேப்பின் மறுமுனையைத் தானாகப் பிடித்துக்கொண்டு
சுவர்வரை போய் நின்றாள்.
எண்பத்திரண்டு அடி.

வாடகை எவ்வளவு என்றேன்.
"வாடகையும் இல்லை, வாட்ச்மேன் சம்பளமும் இல்லை.
ரெண்டும் கழிந்துபோச்சு மேடம்."

படிவத்தில் கட்டங்கள் இருக்கின்றன:
கடை, அலுவலகம், விடுதி, தொழிற்கூடம், கிடங்கு, வெற்று நிலம்.
தற்போதைய பயன்பாடு என்ற வரியில்
வருமானம் இல்லை என்று போட்டேன்.
காலியா என்றதற்கும்
இல்லை.
இரண்டு இல்லைகளை அந்த மென்பொருள் ஏற்காது.
வரி சிவந்தது.
வேறு எதையாவது தேர்ந்தெடுக்கச் சொன்னது.
பெள்ளி தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார்,
"காலின்னே போடுங்களேன்,
ஞாயிற்றுக்கிழமைக்குள்ள ஆக்கிடலாம்."

போடவில்லை. சேமிக்கவும் இல்லை.
சார்ஜ் தீர்கிறது என்று மூடிவிட்டேன்.
அது பொய்.

கடைசி பஸ்ஸில், குஞ்சப்பனை வளைவில்
சிக்னல் திரும்பியபோது ஒரே ஒரு செய்தி,
என் ஆபீஸ் இருக்கும் கட்டடத்து ஓனர்:
அடுத்த மாதத்திலிருந்து பத்து சதவீதம் கூடுதல்,
முடியாவிட்டால் சொல்லவும்,
ஆள் இருக்கிறது.