நாரோடு

டர்பனில் மே மாதம் என்றால்
இலை உதிர்வதைவிட
வார்விக் சந்தையில் வலைப்பைகள் தொங்குவதுதான்.

கிளினிக் அட்டையில் சிஸ்டர் நொம்புசோவின் கையெழுத்து:
சர்க்கரை பதினொன்று.
வெள்ளை ரொட்டி பாதி, கோக் கூடவே கூடாது.
பழம் வேளைக்கு ஒன்று,
பிழியாமல், நாரோடு.

சர்க்கரைக் கிடங்கில் முப்பது வருஷம்
மூட்டைக் கணக்கு எழுதியவன் நான்.
எண்கள் புரியும்.
ஆனால் ஒன்று மட்டும் யார் விற்கிறார்கள்?
பை இருபது ராண்ட்.
எண்ணிப் பார்த்தேன், பதின்மூன்று.

பஸ்ஸில் உரிக்கிறேன்.
தோலெண்ணெய் தெறித்து
முன்சீட்டுக் குழந்தை தும்முகிறது.
பழகிய விரல்
வெள்ளை நாரைக் கிள்ளப் போய்
நிற்கிறது.
இத்தனை காலம் ஜன்னலுக்கு வெளியே எறிந்ததைத்தான்
மருந்து என்கிறாள் அவள்.

நார்ச்சி என்பார்கள் இங்கே.
நாரத்தைதான் கப்பலேறி
பல வாய்களில் புகுந்து வந்து
இப்படி ஆனதாகக் கேள்வி.
எத்தனை பேர் உரித்திருப்பார்கள் அந்தச் சொல்லை!
நார் மட்டும் போகவில்லை.

சுளை சுளையாய் மெல்கிறேன்.
கொஞ்சம் கசப்பு,
பிறகு பழகிவிடுகிறது.
சாட்ஸ்வொர்த் மேடு ஏறுவதற்குள்
ஒன்று தீர்ந்தது.
மடியில் பன்னிரண்டு.

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்.
வேளைக்கு ஒன்று என்றிருக்கிறது.
ஒரு வேளை எத்தனை நிமிஷம் என்று
எங்கேயும் எழுதவில்லை.