கதவுச் சட்டம்

மஃறூபின் மீன் வான்
கிண்ணியாப் பாலம் தாண்டி மட்கோவுக்கு வந்தது.
கீலடியில் விரல் நீள வெடிப்பு.
இரண்டங்குலம் தள்ளி
மஞ்சள் எழுத்தில்: ஸிபானா.
"பெயின்ற் பொங்கினா காசில்லை" என்றான்.

பற்றரி வயரைக் கழற்றினேன்.
உப்புத் துருவை இரும்பு மினுங்கும்வரை தேய்த்தேன்.
பெயரின்மேல் ஈரச் சாக்கு.
கச்சான் அதை உலர்த்த உலர்த்த
நனைத்துக்கொண்டே இருந்தேன்.
ஒரு பொட்டு.
எழுத்தில் புறங்கை வைத்தேன், காய்ச்சல் பார்ப்பதுபோல.
ஆறட்டும்.
அடுத்தது மறுமுனையில்.
ஒன்பது பொட்டுக்கு ஒரு மத்தியானம் போனது.

இப்படி வெடிக்க எத்தனை தரம்
அறைந்து சாத்தியிருக்க வேணும்?
கேட்கவில்லை.

சாக்கை எடுத்தேன். ஒரு புள்ளி கருகவில்லை.
மஃறூப் கதவை மெல்லச் சாத்தினான்.
கொளுவவில்லை.
இன்னும் மெல்ல.
"கொஞ்சம் அடிச்சுச் சாத்தும்" என்றேன்.
பிடியில் கை வைத்தபடியே
நின்றான்.