அறுபத்தோரு தடவை

தீபாவளிக்கு இன்னும் இருபத்தாறு நாள்.
பொம்மனஹள்ளி அலுவலகத்தில்
ஏழு மணிக்கு மேல் சர்வருக்கு மட்டும்தான் ஏசி.
போன வருஷம் இதே பஸ் முன்பதிவு
இரவு எட்டு பத்துக்கு மூச்சடைத்து நின்றது.
மடிவாளாவில் பெட்டியோடு நின்ற கூட்டம்
எங்களைத் திட்டியதை
பிரசன்ன ஹெக்டே வீடியோவாக வைத்திருக்கிறார்.
மீட்டிங் தொடங்கும்போதெல்லாம் போட்டுக் காட்டுகிறார்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொல்வார்கள்.
எதைக் கொண்டு அளப்பது என்று
சொல்லிவிட்டுப் போனவர் யாருமில்லை.

முதல் கருவி இலவசம்.
நொடிக்கு நாலாயிரம் என்று நெஞ்சை நிமிர்த்தியது.
இரண்டாவதை விற்க வந்தவர் டை கட்டியிருந்தார்.
குற்றம் டிஸ்க்கில் என்றார்,
புது டிஸ்க்கும் அவரிடமே இருந்தது.
மூன்றாவது, யாரோ ஒரு கிறுக்கர்
ஞாயிற்றுக்கிழமைகளில் எழுதியது போல,
தீர்ப்பே சொல்லாமல்
எண்களை மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது.
எனக்கு அதைத்தான் பிடித்தது.

பத்தாயிரம் பயணிகளை நானே உண்டாக்கினேன்.
அத்தனை பேரும் சேலம் போகிறார்கள்,
அத்தனை பேருக்கும் வெள்ளிக்கிழமை,
ஒருவருக்கும் ஓடிபி தாமதமாக வரவில்லை.
சர்வர் கொட்டாவி விட்டபடி பதில் சொன்னது.
தெரிந்த கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டால்
எந்த மக்கும் முதல் மார்க் வாங்கும்.
சராசரி முந்நூறு மில்லி செகண்ட்.
சராசரி முழங்கால் ஆழம் என்று நம்பி இறங்கினால்
முழுகடிக்கும் அதே ஆறு.

அதனால் போன வருஷத்து இரவைத் தோண்டினேன்.
ஏழிலிருந்து பதினொன்று வரை.
பெயர்களை அழித்து,
போன் எண்ணில் கடைசி நான்கை மட்டும் விட்டு,
அதே வேகத்தில் மறுபடி ஓடவிட்டேன்.

அப்போதுதான் மனிதர்கள் வந்தார்கள்.
ஜன்னலோரம் கேட்டு, மேல் படுக்கைக்கு மாறி,
மறுபடி ஜன்னலோரம் வந்து,
பணம் கட்டும் பக்கத்தில் ஆறு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு
திரும்பிப் போய் விலையை இன்னொரு முறை பார்த்து.
நாகர்கோவில் இல்லாவிட்டால் திருநெல்வேலி,
அதுவும் இல்லாவிட்டால் மதுரை,
அங்கிருந்து நின்றுகொண்டே போய்விடலாம் என்று.
எட்டு பத்துக்குச் சரியாக மூச்சடைத்தது.
ஒன்று கெட்டுப்போனதற்கு
அன்றைக்குத்தான் முதலில் கைதட்டினேன்.

பிறகு வேலை சின்னது.
பெண்கள் இருக்கை என்று யார் கேட்டாலும்
அது முழு அட்டவணையையும்
முதல் வரியிலிருந்து படித்துக்கொண்டிருந்தது,
கிராஸும் மெயினும் எழுதாத விலாசத்தோடு
ஹெச்எஸ்ஆர் லேஅவுட்டில்
ஒவ்வொரு கதவாகத் தட்டும் கூரியர் பையன் போல.
ஒரே ஒரு இன்டெக்ஸ்.
அப்புறம், நிறுவிய நாளிலிருந்து யாரும் தொடாத
நூற்று இருபத்தெட்டு எம்பியை எட்டு ஜிபி ஆக்கினேன்.
ஒன்றை மாற்றி ஒரு ஓட்டம்,
அடுத்ததை மாற்றி இன்னொரு ஓட்டம்.
இரண்டையும் சேர்த்து மாற்றினால்
எதற்கு நன்றி சொல்வதென்று தெரியாது.

பதினோரு நொடி, அரை நொடி ஆனது.

சாவிக்கொத்தோடு நிங்கப்பா எட்டிப் பார்த்தார்.
"ஆய்தா மேடம்?"

ஆயிற்று. ஆனால்
4471 என்று முடியும் ஓர் எண்
தஞ்சாவூருக்கு, அன்றைய இரவுக்கே,
ஒரே ஒரு பெண்கள் இருக்கையை
அறுபத்தோரு தடவை தேடியிருக்கிறது.
வாங்கவில்லை.
அந்த பஸ்ஸில் இரண்டு இருக்கை காலியாகவே போயிருக்கிறது.
என்ன அவசரம், யார் காத்திருந்தார்கள்,
எந்தப் பத்தியிலும் இல்லை.

"இன்னொந்து சல" என்றேன் நிங்கப்பாவிடம்.
அவர் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.
இரவை முதலிலிருந்து ஓடவிட்டேன்.
4471 கேட்கிறது.
அரை நொடியில் பதில் போகிறது:
இருக்கை எண் ஒன்பது, ஜன்னலோரம், காலி.

அது இரண்டாம் தடவை கேட்கிறது.