ஒரே பெயர்

ரோலா சந்தையில் பதினைந்து திர்ஹாம்.
ரெண்டாக எடுத்தால் இருபத்தைந்து என்றான் கடைக்காரன்;
எனக்கொன்று,
மேல்கட்டில் தீபக் தாபாவுக்கு ஒன்று.

முதல் வாரமே வலதுபக்கம் செத்துப்போனது.
இடது
பெட்டிக்குள் போட்டு எடுத்து
போட்டு எடுத்து
பனியனில் துடைத்து
கெஞ்சினால் பேசும்.
வேர்வை பட்டால் அதற்கும் கோபம்.

அமுதவல்லி நகைக்கடன் வட்டி சொல்லுவாள்.
சரியாகத் தொகை வரும் இடத்தில்
பேட்டரி லோ என்று குறுக்கே வருவாள் ஒருத்தி,
எந்த நாட்டு இங்கிலீஷோ.
அவள் குரல் மட்டும் ஒருநாளும் விட்டுவிட்டுக் கேட்டதில்லை.

நேற்று ராத்திரி
அழைப்பு ஓடுகிறது, நொடிகள் நகர்கின்றன,
என் காதில் சஜ்ஜா கேம்ப்பின் ஏசி இரைச்சல்.
ஹலோ. ஹலோ.
போனையே காதில் வைத்தேன். அதுவும் ஊமை.
கட்டிலுக்கு மேலிருந்து தலைகீழாகத் தொங்கியது
தீபக்கின் தூக்கக் கலக்க முகம்:
"பாயி, உன் வீட்டம்மா என் காதுக்குள்ள."

ரெண்டு ஜோடிக்கும் ஒரே பெயர்.
என் போனுக்கு அவன் காதும் என் காதும் ஒன்று.

பிடுங்கி மாட்டிக்கொண்டேன், சூடாக இருந்தது.
"சரிங்க, ஒன்னாந்தேதிக்குள்ள அனுப்பிடுறேன்னு
சொல்லிட்டீங்கல்ல, அது போதும்" என்றாள்,
வைத்துவிட்டாள்.

நான் எப்போது சொன்னேன்?
தீபக்கைப் பார்த்தேன்.
தூக்கத்தில் ரெண்டு தடவை
ஆங் ஆங் என்றானாம்.

விடியல் நாலரைக்கு பஸ்ஸில்
ஹெல்மெட்டை மடியில் வைத்தபடி
இருநூறு திர்ஹாமை என் பையில் திணிக்கிறான்.
வேண்டாம் என்கிறேன்.
கற்றுக்கொண்ட ஒரே தமிழில் அதட்டுகிறான்:
"கேக்குதா? கேக்குதா?"