இதரவை

செவ்வாய்க்கிழமை, பன்னிரண்டே முக்கால்.
பாலஸ்டியர் சாலை ஹோட்டலின் இரண்டாம் மாடி.
நேற்று இங்கே கல்யாணம்,
நாளை காப்புறுதி முகவர்கள்,
இன்று நாங்கள்.
யாரோ உதிர்த்துப்போன ஜிகினா
கம்பளத்தில் இன்னும் மின்னுகிறது.

நான் சங்கத்தின் செயலாளர்.
பெயர் அட்டைகளை மேசைமேல் பரப்புவேன்,
மிஞ்சியதைப் பெட்டியில் போடுவேன்,
நடந்ததை ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதுவேன்.
போன வாரம் வட்டி விகிதம் பற்றி ஒருவர் பேசினார்.
நான்கு பேர் தூங்கினார்கள்.
'உறுப்பினர்கள் ஆழ்ந்திருந்தனர்' என்று எழுதினேன்.
பொய்யில்லை.

முப்பத்தொரு அட்டைகளில்
பத்தொன்பது இன்று சட்டையேறின.
டெஸ்மண்ட் பெஸ்தானாவின் அட்டை
ஏழு செவ்வாயாக மேசையைவிட்டு எழவில்லை.
மனைவிக்குப் பெயர்கள் நழுவுகின்றன
என்று ஒருமுறை சூப்பைக் கலக்கியபடி சொன்னார்.
அதோடு சரி.

தலைவர் யோ சூ பின் மணியடித்தார்.
ஈப்போ சங்கம் அன்பளித்த மணி அது,
ஒரு வினாடி யோசித்துவிட்டுத்தான் ஒலிக்கும்.
மைலோ டப்பா சுற்றி வந்தது:
கைபேசி அலறியதற்கு இரண்டு வெள்ளி,
அட்டையைத் தலைகீழாகக் குத்தியதற்கு இரண்டு,
தாத்தாவானதற்கு இளந்திரையன் பத்து.
இறாலை எண்ணி வைத்திருந்தார்கள், ஆளுக்கு இரண்டு.

சிறப்புப் பேச்சாளர் நோர்ஹிஷாம்,
மின்தூக்கி பழுதுபார்ப்பவர்.
படமில்லை, திரையில்லை, தாளுமில்லை.
'உங்க ஹோட்டல் லிஃப்ட் இந்த மாடியில
ஒரு விரற்கடை தாழ்ந்து நிக்குது'
என்றுதான் தொடங்கினார்.
எல்லாரும் தங்கள் காலணியைப் பார்த்துக்கொண்டோம்.

மாட்டிக்கொண்டவர்கள்
முதலில் எல்லாப் பொத்தானையும் அமுக்குவார்களாம்.
பிறகு கதவைத் தட்டுவார்களாம்.
பிறகு சத்தமே வராதாம்.
'அப்பத்தான் எனக்குப் பயம்.
கருவிப்பெட்டியைத் திறக்கிறதுக்கு முன்னாடி
நான் பேச ஆரம்பிச்சிடுவேன்.
எந்த மாடிக்குப் போகணும்,
பையில என்ன மீன், ஐஸ் போட்டிருக்கா,
இப்படி எதையாவது.
தோ பாயோவில ஒருத்தர் பறவைக் கூண்டோட.
நாப்பது நிமிஷமும்
பறவைதான் எனக்குப் பதில் சொல்லிச்சு.'

கேள்வி நேரம்.
யார் வந்தாலும் கேட்பதையே
கோ செங் வாட் எழுந்து நின்று கேட்டார்:
'எங்கள் சங்கம் எப்படி உதவலாம்?'
சக்கர நாற்காலி, அரிசி மூட்டை,
ஆளுயரக் காசோலை
எதையும் சொல்லியிருக்கலாம்.
நோர்ஹிஷாம் கூரையைப் பார்த்தார்.
'ரிப்பேருக்கு நாங்க இருக்கோம்.
நாங்க வர்ற வரைக்கும்
வெளிய நின்னு பேச ஆள் இருந்தா போதும்.'

கைதட்டினோம்.
எல்லாருக்கும் தருகிற அதே பேனாவைத் தந்தோம்.
படம் எடுத்தோம், செங் வாட் கண் மூடியிருந்ததால்
இன்னொரு படம்.
இதரவை: ஏதுமில்லை
என்று எழுதிக் குறிப்பேட்டை மூடினேன்.

டாக்சி நிறுத்தத்தில் மழை,
எனக்கு முன்னால் இரண்டு பேர்.
பெஸ்தானாவை அழைத்தேன்.
மணி போனது, போனது, நின்றது.
எடுத்துவிட்டார்.
எடுத்தவர் பேசவில்லை.

கோழி இன்று காய்ந்துபோயிருந்தது என்றேன்.
இளந்திரையனுக்குப் பேத்தி,
மூன்று கிலோ நூறு என்றேன்.
மணி இன்றும் யோசித்தது.
லிஃப்ட் ஒரு விரற்கடை தாழ்வாம்,
பதினாறு வருடமாக ஏறி இறங்குகிறோம்,
யாருக்கும் தெரியவில்லை.
அந்தப் பக்கம் கோப்பைக்குள்
கரண்டி சுற்றும் சத்தம்.
சுற்றிக்கொண்டே இருந்தது.
பிறகு கொஞ்சம் தள்ளி, ஒரு பெண் குரல்:
'யாரு அது?'

அவர் அவளிடம் சொன்னார்:
'செவ்வாய்க்கிழமை.'

என் டாக்சி வந்தது.
பின்னால் நின்றவரை ஏறச் சொன்னேன்.
இறாலைப் பற்றி
இன்னும் சொல்லவில்லை.