ஐம்பத்து நான்கே முக்கால் பாகை

பாலத்திலிருந்து வந்த துண்டு
உள்ளங்கை அகலம்.
எண்ணெய்க் களிப்பாறையை எரித்த சாம்பலில்
குழைத்துக் கட்டிய பாலம்.
பத்தொன்பதாவது குளிர்காலத்தில்
சுண்டுவிரல் நுழையும் வெடிப்பு.
ஏன் என்று கேட்டுச் சாலைத் துறை அனுப்பியது
ஒரு துண்டு, ஒரு கடிதம், மூன்று முத்திரை.

பாதியை ஆர்னே பிஹ்லாக் எடுத்துக்கொண்டார்.
இரண்டாம் மாடி எக்ஸ்ரே அவருடையது.
மீதி எனக்கு.
தரைத்தளத்துக் காந்தம் என்னுடையது.

மூன்றாம் நாள் தாளோடு இறங்கி வந்தார்.
"குவார்ட்ஸ் இருக்கிறது, சுண்ணக்கல் இருக்கிறது,
ஊசி ஊசியாய் எழுந்து நிற்கிறார்கள்,
பெயர் கூப்பிட்டால் 'உள்ளேன்' என்கிறார்கள்.
நடுவில் இது என்ன, ஒரு மேடு?
பனி மூடிய எருக்குவியல் மாதிரி?"
"அந்த மேட்டில்தான் பாலமே நிற்கிறது" என்றேன்.
"மேட்டுக்கு முகவரி கிடையாது, இல்மே."

பதினாறு வருடமாக இதே சண்டை.
வரிசையில் நிற்பதை மட்டுமே
அவர் கதிர் மதிக்கும்.
வரிசை கலைந்தவற்றோடு
என் பேச்சுவார்த்தை.

கடுகு நுழையும் குழலில்
பாலத்தை இடித்து நிரப்பினேன்.
சரியாகச் சாய்க்க வேண்டும்,
ஐம்பத்து நான்கே முக்கால் பாகை.
கொஞ்சம் பிசகினாலும்
குரல்மேல் குரல் விழுந்து ஒன்றும் புரியாது.
நொடிக்குப் பத்தாயிரம் சுற்று;
காற்றில் மிதந்தபடி குழல் சீட்டியடிக்கும்.
நூறு சிலிக்கானில்
ஐந்துக்குக்கூட வாய் கிடையாது.
அந்த நாலு சொச்சமும்
ஒரே தடவையில் சொல்லிவிடாது.
கேட்டுவிட்டுப் பத்து நொடி காத்திரு,
மறுபடி கேள்.
இரவு முழுக்க நாலாயிரம் தடவை
ஒரே கேள்வி:
நீ எத்தனை பேரின் கையைப் பிடித்திருக்கிறாய்?

பதில் வருவதற்கு முன்
முஸ்தமாயே நிறுத்தத்தில்
டிராலிபஸ்ஸுக்குக் காத்திருந்த ஆர்னே
உறைபனிமேல் விழுந்தார்.
இதயம் நடுநடுவே
ஒரு துடிப்பை மறந்துவிடுகிறதாம்.
இடது தோளுக்குக் கீழே
தீப்பெட்டி அளவில் பேஸ்மேக்கர் வைத்தார்கள்.

திரும்பி வந்தவர்
தன் நெஞ்சுப் படத்தை
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்:
"பார், பன்னிரண்டு ஜோடி விலா,
ஒன்றும் வரிசை தவறவில்லை.
இரண்டு கம்பி, என்ன நேர்த்தி!
ஏன் மறந்தது என்பது மட்டும்
இதில் இல்லை."
மேட்டைப் பற்றி
அவர் மரியாதையாகப் பேசிய முதல் நாள் அது.

என் அறைத் தரையில் ஒரு மஞ்சள் கோடு.
சாவி, கத்தரிக்கோல், வங்கி அட்டை
எல்லாம் அதற்கு வெளியே தட்டில் கிடக்கும்.
இப்போது ஆர்னேயும் வெளியே.
காந்தத்தின் காலில் சாய்ந்து நின்று
கறுப்பு ரொட்டித் துணுக்கு சிந்தச் சிந்த
என்னைக் கேலி செய்தவர்
ஷூ நுனி கோட்டைத் தொடாமல் நிற்கிறார்.

திரையைத் திருப்பினேன். அவருக்கு எட்டவில்லை.
தாளைச் சுருட்டித் தனெலிடம் கொடுத்தனுப்பினேன்.
சுவரில் தாளை அழுத்திப் பென்சிலால் எண்ணினார்.
"இரு கை பிடித்துச் சங்கிலியாய் நிற்கிறவை
இவ்வளவுதானா?"
"ஆமாம்."
"நாலு கையும் பிடித்தவை இத்தனை எதற்கு?"
நான் பேசவில்லை.
பென்சில் நின்றது.
பையிலிருந்து தன் பழைய தாளை எடுத்து
என் தாளின்மேல் வைத்தார்.

"என் சுண்ணக்கல்," என்றார் மெதுவாக,
"உன் சங்கிலியிலிருந்து போன சுண்ணாம்பு.
காற்று கொஞ்சம் கொஞ்சமாய்
உருவிக்கொண்டு போயிருக்கிறது.
மிஞ்சியவை ஒன்றையொன்று
இறுக்கிப் பிடித்துச் சுருங்கியிருக்கின்றன.
கைவிட்டு வெடிக்கவில்லை இது, இல்மே.
பிடித்த பிடியில் வெடித்திருக்கிறது."

தனெல் குறித்துக்கொண்டான்.
அறிக்கையில் அந்தக் கடைசி வாக்கியத்தை
அடித்துவிட வேண்டும் என்று நினைத்தேன்.
மூன்று முத்திரைக்காரர்களுக்கு
அது புரியாது.

குழல் இன்னும் சீட்டியடித்துக்கொண்டிருந்தது.
என் கைக்கடிகாரத்தைக் காந்தம்
என்றோ நாலு பத்தில் நிறுத்திவிட்டது;
பழக்கத்தில் கட்டிக்கொண்டு வருகிறேன்.
"மணி என்ன ஆர்னே?"
கோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து,
சட்டைக் கையை மடித்து,
"ஏழே முக்கால்" என்றார்.
"நைட்ரஜன் ஊற்றிவிட்டுச் சீக்கிரம் வா.
வெளியே வழுக்குகிறது,
எனக்குப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும்."