மூன்றாவது கிணறு

டொக்யார்ட் வீதி வாசலில் ஒரு மான்
எங்கள் பெட்டியில் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டை
மென்றுகொண்டிருந்தது.
அம்மா அதைத் துரத்தவில்லை.
எங்களைத்தான் பார்த்தபடி நின்றா.

பிள்ளைக்கு விசா எடுத்த படிவத்தில்
தாயின் பெயருக்கு ஒரே ஒரு கோடு.
சில்யே எழுதினாள். பெற்றவள் அவள்.
நான் பேனையை வாங்கி மூடி
பைக்குள் வைத்தேன்.
அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டுப் புனிதவதி அன்ரி கேட்டா:
"பிள்ளை ஆரைப் போல?
உன்ரை மூக்கும் இல்லையே."
அம்மா தேத்தண்ணி ஆத்தினா.
ஆறின பிறகும் ஆத்திக்கொண்டே இருந்தா.
பதினொரு வருசம்
பேர்கன் குளிருக்குள் தொலைபேசியில் வந்து
"உன்ரை சிநேகிதி சுகமோ" என்று மட்டும் கேட்ட வாய்
அன்றைக்கு அதையும் சொல்லவில்லை.

விடிய முன் கன்னியாவுக்குப் போனோம்.
போவோம் என்றது அம்மாதான்.
ஏழு கிணறு, ஏழு சூடு.
செத்த தாய்மாருக்குக் கடன் கழிக்கிற இடத்தில்
உயிரோடு மூன்று தாய் நின்றோம்.
வாளி ஒன்று.

முதல் இரண்டும் சரிவரவில்லை.
மூன்றாவதில் அள்ளி
முழங்கையை வைத்துப் பார்த்தா,
என்னைக் குளிக்கவார்த்த காலத்து முழங்கை,
இப்போது தோல் சுருங்கி.
பிறகு வாளியை என்னைத் தாண்டி
சில்யேயிடம் நீட்டினா:
"மெல்லமா ஊத்து, பிள்ளை."

தமிழில் அவளுக்கு
இருபது சொல்லும் வராது.
ஆனாலும் அந்தச் சொல்லுக்கு
அவளும் நானும் மகளும்
ஒரே நேரத்தில் திரும்பினோம்.